ஸ்டெயின், டார்னிஷ், டெயின்ட்... எல்லாமே கறைதானா?

"பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன் தம்பி. கறை எதுவும் இல்ல. பாப்பாவுக்குக் கொடுக்கலாம்தானே?"

அண்ணி போனில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த பாட்டில் அண்ணி?" என்றேன்.

"நீங்கதானே எழுதியிருக்கீங்க, 'கறை படிந்த இருமல் மருந்து'ன்னு. உங்க அண்ணன்தான் அந்த லிங்க்கை ஃபேமிலி குரூப்ல போட்டாங்க."

தூக்கிவாரிப் போட்டது. ஏஜென்சி செய்தியில் இருந்தது 'டெயின்டட் காஃப் சிரப்'. அவசரத்தில் நான் வைத்த தலைப்பில் 'டெயின்டட்' கறையாகிவிட்டது. "கொடுக்காதீங்க அண்ணி. டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் பாருங்க" என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாகத் தலைப்பை 'நச்சு கலந்த இருமல் மருந்து' என மாற்றி, கீழே திருத்தக் குறிப்பும் போட்டேன். இந்த வாரப் பாடம் எனக்கும் சேர்த்துத்தான்!

டெயின்ட்: கண்ணுக்குத் தெரியாதது

உணவு, தண்ணீர், ரத்தம், மருந்து போன்றவற்றில் சேரக் கூடாத ஒன்று சேர்ந்து, முழுவதையுமே கெடுத்துவிட்டால் அது டெயின்ட். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆபத்தே அதுதான்.

2022 அக்டோபரில், இந்தியாவில் தயாரான 4 சிரப் மருந்துகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. காம்பியா நாட்டில் 66 குழந்தைகள் இறந்ததோடு அவற்றுக்குத் தொடர்பு இருக்கலாம் என்றது. அவற்றில் டைஎத்திலீன் கிளைக்கால், எத்திலீன் கிளைக்கால் ஆகிய ரசாயனங்கள் அளவுக்கு மீறி இருந்தன. இவற்றுக்கு நிறமில்லை, லேசாக இனிக்கும். ஆனால், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். பாட்டிலை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் 1970-களிலும் 80-களிலும் ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி கிருமிகள் இருந்த ரத்தமும் ரத்தப் பொருள்களும் நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் 30,000-க்கும் அதிகம். அதையும் 'டெயின்டட் பிளட்' என்றுதான் எழுதுகிறார்கள். 'கறை படிந்த ரத்தம்' என்று மொழிபெயர்த்தால் எப்படி இருக்கும்?

ஸ்டெயின்: ஊறிப்போனது

வேட்டியில் வாழைக்காய்க் கறை, சட்டையில் குழம்பின் மஞ்சள் கறை... இவைதான் ஸ்டெயின். நிறம் பொருளுக்குள் ஊறிவிடும், எளிதில் போகாது. நம் 'கறை'க்கு மிக நெருங்கிய சொல் இதுதான்.

ஸ்டெயின் எப்போதும் கெட்டது என்றும் இல்லை. மரச்சாமானுக்கு நிறமேற்றப் பூசும் திரவத்துக்கும் 'வுட் ஸ்டெயின்' என்று பெயர். தேர்தலில் விரலில் வைக்கும் மையும் வேண்டுமென்றே உண்டாக்கும் கறைதான். மைசூரில் தயாராகும் அந்த மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. அது தோலோடு வினைபுரிந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்பு போட்டாலும் போகாது.

டார்னிஷ்: மங்கிப்போனது

பீரோவில் வைத்த வெள்ளிக் கொலுசு கறுத்துவிடுகிறதே, அது டார்னிஷ். யாரும் அதன் மேல் எதையும் கொட்டவில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து, மேலே மெல்லிய கறுப்புப் படலம் உருவாகிவிட்டது. பித்தளைக் குத்துவிளக்கு மங்குவதும் இப்படித்தான். புளி போட்டுத் தேய்த்தால், புளியின் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். விளக்கு பளிச்சென்று ஆகிவிடும்.

அதாவது, டார்னிஷ் மேலோட்டமானது. உள்ளே உலோகம் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் ஒருவரின் பெயர் 'டார்னிஷ்' ஆனது என்றால், 'புகழ் மங்கியது' என்று எழுதலாம். மறுபடி துலங்க வாய்ப்பு இருக்கிறது என்ற சாயல் அதில் உண்டு.

ஸ்மட்ஜ், ஸ்மியர்: இரண்டும் ஈஷுவதுதான், ஆனால்...

கண்மை வியர்வையில் கலைந்து கன்னத்துக்கு வந்தால் ஸ்மட்ஜ். 'ஸ்மட்ஜ் ப்ரூஃப் காஜல்' விளம்பரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தெரியாமல் நடப்பது இது.

ஸ்மியர் என்றால் பிசுபிசுப்பான ஒன்றைத் தேய்த்துப் பரப்புவது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் 'பாப் ஸ்மியர்' பரிசோதனையில், செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்ப்பதால்தான் அந்தப் பெயர். இதில் வெட்கப்படவோ பயப்படவோ எதுவுமில்லை.

அரசியல் செய்தியில் இதே சொல்லுக்கு வேறு முகம். 'ஸ்மியர் கேம்பெயின்' என்றால் அவதூறுப் பிரசாரம். இங்கே கவனம் தேவை. அப்படி எழுதினால், குற்றச்சாட்டு பொய் என்று நாமே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அதேபோல, வழக்கு நிலுவையில் இருக்கும் ஒருவரை 'டெயின்டட்' என்றால், குற்றவாளி என்று முடிவுகட்டியதாகிவிடும். 'குற்றம்சாட்டப்பட்ட' என்று எழுதுவதே நியாயம்.

ப்ளெமிஷ்: சின்னக் குறை

மாம்பழத் தோலில் ஒரு கறுப்புப் புள்ளி, முகத்தில் ஒரு பரு வடு... இது ப்ளெமிஷ். அழகு கொஞ்சம் குறையலாம். பழத்தின் ருசி குறையாது.

ஒரு சின்னப் பயிற்சி

எந்தச் சொல் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

1. பாட்டியின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுத்துவிட்டது.
2. கழிவுநீர் கலந்த குடிநீரைக் குடித்தவர்களுக்கு வாந்தி.
3. வெள்ளைச் சுவரில் வெற்றிலை எச்சில்.
4. செல்போன் திரையில் விரல் ரேகை.

விடைகள்: 1. டார்னிஷ், 2. டெயின்ட், 3. ஸ்டெயின், 4. ஸ்மட்ஜ்.

குழப்பம் வந்தால் ஒரே கேள்வி போதும்: கெட்டது மேலே ஒட்டியிருக்கிறதா, ஊறியிருக்கிறதா, உள்ளே கலந்திருக்கிறதா? நான் அன்று அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, பாப்பாவுக்கு என்ன ஆனது என்கிறீர்களா? டாக்டர் பார்த்துவிட்டு, சாதாரண சளிதான், சிரப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணி இப்போதெல்லாம் என் செய்தி லிங்க் வந்தால், படித்துவிட்டு எனக்குத்தான் முதலில் போன் செய்கிறார்: "தம்பி, இந்தத் தலைப்பு சரிதானா?"