இடுப்பில் சரியும் எலும்பு

இடுப்பில் வலி என்றதும் 'டிஸ்க் விலகிவிட்டது' என்று கூறும் வழக்கம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. வட்டு வேறு, எலும்பு வேறு. இரு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்தது வட்டு. அது பிதுங்குவது ஒரு நோய். மேலுள்ள முள்ளெலும்பே கீழுள்ள எலும்பின்மீது முன்புறமாகச் சரிந்து நிற்பது மற்றொரு நோய். மருத்துவர் இதனை 'ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்' என்பர். பெயர் வாயில் நுழையாவிடினும் வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

1782-இல் பெல்ஜிய நாட்டு மகப்பேற்று மருத்துவர் எர்பினியோ, பிரசவத்தில் குழந்தையின் வழியை மறித்து நின்ற எலும்புப் புடைப்பாக இதனைக் குறித்துவைத்தார். அவ்வளவு முற்றுவது அரிது. கீழெலும்பின் அகலத்தில் கால் பங்குக்குள் சரிந்திருப்பது முதல் நிலை; பெரும்பாலோர் அதற்கு மேல் செல்வதில்லை.

இது பல வகைப்படும். நாம் மிகுதியாகக் காண்பவை இரண்டு. முதலாவது இளமையில் தொடங்குவது. முள்ளெலும்பின் பின்புற வளையத்தில் நுண்ணிய விரிசல் காணும். நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு இவ்விரிசல் உண்டு, பலர் அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். வேகப் பந்துவீச்சாளருக்கு இடுப்பெலும்பில் விரிசல் என்று நாளிதழில் படிக்கிறோமே, அதுவும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான். எனவே ஊறிய தோலை ஒருநாள் தூக்கியதால் எலும்பு நழுவிற்று என்று நினைப்பவருக்கு, விரிசல் பள்ளிப் பருவத்திலேயே விழுந்திருக்கக்கூடும். மற்றது மூட்டுத் தேய்வால் ஐம்பது வயதுக்குமேல் வருவது, பெண்களிடமே மிகுதி.

சத்துவாச்சாரியிலிருந்து இராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவரும் சகோதரியர் இவ்விரண்டாம் வகையைக் கவனிக்க வேண்டும். தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருக்கும்வரை துன்பம் தெரியாது. மாலையில் நெடுஞ்சாலையில் பேருந்தைவிட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்து மரத்துப்போகும். திண்ணையில் அமர்ந்தால் தெளியும். குனிகையில் நரம்பு செல்லும் வழி சற்று விரிவதும், நிமிர்கையில் குறுகுவதுமே காரணம். 'நடையால் வந்த வலி' என்று தைலம் தேய்த்துக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்போர் பலர்.

காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு நீங்கும் என்னும் நம்பிக்கை இன்னும் மறையவில்லை. சரிந்த எலும்பை மிதித்தோ நீவியோ மீண்டும் இடத்தில் அமர்த்த இயலாது, தீங்கு நேரலாம். நிற்கும் நிலையில் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே படமே முதலில் வேண்டியது.

வலி மிகும்போது ஓரிரு நாள் ஓய்வு போதும்; வாரக்கணக்கில் படுத்தால் தசைகள் நலியும். பின்புறமாக வளைவதையும் சுமை தூக்குவதையும் தவிர்த்து, வயிற்றுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளைத் தேர்ந்தவரிடம் கற்றுச் செய்தல் வேண்டும். இதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுத் துறைக்கு 1963-இல் தலைமையேற்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த விபத்தில் முதுகுத் தண்டு சிதைந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே பணிபுரிந்தவர். இடுப்புப் பட்டையைச் சில வாரங்களுக்கே அணியலாம். புகைபிடிப்போர் அதனை விட வேண்டும். அறுவைக்குப்பின் எலும்பு கூடுவதை அது தடுக்கும். திருப்பலியில் முழந்தாளிட இயலாதவர் அமர்ந்தே செபிக்கலாம், கூச்சம் வேண்டாம்.

பல மாதப் பயிற்சிக்குப் பின்னும் வலி தணியாவிடில் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். அனைவருக்கும் திருகாணி பூட்டத் தேவையில்லை. தேய்வினால் சரிந்தோருள், நரம்பின் நெருக்கத்தை மட்டும் நீக்கப்பெற்றோரும் கூடவே எலும்பை இணைக்கப்பெற்றோரும் ஏறக்குறைய ஒரே நலன் அடைந்தனர் என ஸ்வீடன் மருத்துவர்கள் 2016-இலும் நார்வே மருத்துவர்கள் 2021-இலும் வெளியிட்டனர். வளரும் பிள்ளைக்குப் பெருஞ்சரிவு கண்டால் மட்டும் காலந்தாழ்த்தல் ஆகாது.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் கசிந்தாலோ, தொடையிடுக்கில் உணர்வு குன்றினாலோ, பாதம் தொய்ந்து செருப்பு நழுவினாலோ விடியும்வரை காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லவும்.