காலங்கடந்தும் கனியும் திறமை

பாகிஸ்தானின் லாகூரில் 1979இல் பிறந்த சுழற்பந்து வீச்சாளர் இம்ரான் தாஹிர், அந்நாட்டின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர். தேசிய அணியில் அவருக்கு இடம் கிட்டவில்லை. தென்னாபிரிக்காவில் குடியேறி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அந்நாட்டுப் பிரஜையானார். 2011 உலகக்கிண்ணத்தில் தமது முதலாவது சர்வதேசப் போட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 31. அன்று மேற்கிந்தியத் தீவுகளின் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். 107 ஒருநாள் போட்டிகளில் 173 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். 2019 ஐ.பி.எல். தொடரில் சென்னை அணிக்காக 26 விக்கெட்டுகளை வீழ்த்தி, 40 வயதில் முதலிடம் பெற்றார். தமிழ் ரசிகர்கள் அவரைப் 'பராசக்தி எக்ஸ்பிரஸ்' எனக் கொண்டாடினர்.

இச்செய்தி வன்னிக்கு வெறும் விளையாட்டுச் செய்தியன்று. இலங்கையில் கிரிக்கெட் வீரர்கள் பெரும்பாலும் பாடசாலை அணிகளிலிருந்தே தெரிவாகின்றனர். 2009 வரை நீடித்த போர் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சிறுவர்களின் பாடசாலைக் காலத்தையே பறித்தது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவு முஸ்லிம்களின் பிள்ளைகள் அகதி வாழ்விலேயே வளர்ந்தனர். போர்க்காலச் சிறுவர்களில் பலர் இன்று இருபதுகளின் நடுப்பகுதியைக் கடந்துவிட்டனர். அவர்களுக்கு 'வயது போய்விட்டது' எனக் கூறிக் கதவடைப்பது இரண்டாவது அநீதியாகும்.

பாடசாலை வயதைக் கடந்தோருக்கும் திறந்த தெரிவுப் போட்டிகளை வன்னி மாவட்டங்களில் நடத்துமாறு விளையாட்டுத்துறையினரைக் கேட்டுக்கொள்கின்றோம். தாஹிரின் வெற்றிக்குள் பாகிஸ்தானின் இழப்பும் அடங்கியுள்ளது. நம் பிள்ளைகளின் திறமையை அறிய அவர்கள் கடல் கடக்கும்வரை நாம் காத்திருக்கலாகாது.