அப்புச்சியை வெளுக்க வேண்டாம்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பிளீச்சிங் பட்டறையில் வேலை பார்த்த என் அப்புச்சிக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு படம்தான் உண்டு. வெள்ளைப் பனியனோடு பட்டறை வாசலில் நிற்கும் கருப்பு வெள்ளைப் படம். மங்கிவிட்டதே என்று பெரிதாக்கிச் சட்டம் போட ஒரு கடையில் கொடுத்தேன். வந்ததைப் பார்த்த அம்மிச்சி, "இது யாரு கண்ணு?" என்று கேட்டாள்.

அப்புச்சி நல்ல கருப்பு. படத்தில் சிவந்த மனிதர்போல் வெளுத்திருந்தார். பனியனோ வெறும் வெள்ளைத் தாள்!

கணினியில் இத்தகைய படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பொதுவாக 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 முழுக் கருப்பு. 255 முழு வெள்ளை. முகத்தை வெளுக்க வேண்டிப் படம் முழுவதற்கும் ஒளியைக் கூட்டினால், 230, 240 என்றிருந்த பனியன் மடிப்புகளெல்லாம் 255-ல் போய் முட்டி ஒன்றாகிவிடுகின்றன. அப்படிச் சேமித்ததைப் பிறகு இருட்டாக்கினால் சாம்பல் பூசினாற்போல் ஆகுமே தவிர, மடிப்பு திரும்பாது. பிளீச்சிங் மிஞ்சினால் நூல் நைந்துபோகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

பழியைக் கணினிமேல் போடவும் முடியாது. பிலிம் காலத்திலேயே நெகட்டிவில் முகத்தின்மேல் பென்சில் தீட்டி 'டச்சிங்' செய்ததுண்டு. அங்கே கருமை கூடிய இடம் பிரிண்டில் வெளுப்பாக விழும். ஆனால் அதே இருட்டறையில், என்லார்ஜர் ஒளியை முகத்துக்கு மட்டும் சில விநாடிகள் கையால் மறைத்து, நிறத்தைக் கெடுக்காமல் கண்ணைத் துலக்கிக் காட்டிய கைகளும் இருந்தன.

கல்யாண வீட்டில் மாட்டும் படம் பளிச்சென்று இருக்கட்டுமே என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். பளிச்சென்று இருப்பது வேறு, ஆளே மாறிப்போவது வேறு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்னணுப் படிகளாக்கிக் காத்திருக்கிறார்கள். நாமோ இருக்கும் ஒரு படத்தையும் வெளுத்துவிடுகிறோம்.

வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். "நீயே சரி பண்ணு" என்றார்கள். நண்பனிடம் மூலப்படத்தை 16 பிட்டில் ஸ்கேன் செய்தேன். அதில் 65,536 படிகள். தொடாத படி ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, மறுபடியில் வெள்ளையையும் கருப்பையும் இருந்த இடத்திலேயே நிறுத்தி, நடுத்தரச் சாயல்களை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன். மூன்று இரவுகள் போயின (ரெக்கார்டு நோட்டு எழுதாதது தனிக் கதை).

முகம் கருப்பாகவே இருக்கிறது. நெற்றிச் சுருக்கம் தெரிகிறது. அம்மிச்சி பனியனின் தோள்பட்டையில் விரல் வைத்தாள். "இந்தக் கிழிசல் நான் தச்சது."