வடியும் காதுக்கு எலும்பு வழி

செவிப்பறையில் ஓட்டையுள்ள பிள்ளை கீரிமலைக் கேணியில் முழுகி எழுந்தால் மறுநாள் காது வடியலாம். உடனே தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தேடும் வீடுகள் இன்னும் உண்டு. (எண்ணெய் விடவே கூடாது, அது வேறு சண்டை.) உலகில் காது வடிவோர் 6.5 கோடி முதல் 33 கோடி வரை என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் மதிப்பிட்டது.

இந்தக் காதுக்குள் வழக்கமான செவிப்புலன் கருவியைச் செருகினால் காற்றோட்டம் அடைபட்டுச் சீழ் கூடும். எலும்புவழிக் கருவி காதுத் துவாரத்தைத் தொடுவதில்லை. காதின் பின்னெலும்பை அதிரவைத்து ஒலியை நேரே உட்செவிக்கு அனுப்புகிறது. இந்தக் கருவி உதவுமா என்று பார்க்க, வைத்தியர் 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி அந்த எலும்பில் வைக்கிறார். பிறகு காதுக்கு முன்னால் பிடிக்கிறார். எலும்பில் வைத்தபோதுதான் பலமாகக் கேட்டது என்றால், பெரும்பாலும் கோளாறு உட்செவியில் இல்லை. கருவி கைகொடுக்கும்.

சத்திரசிகிச்சை வேண்டாம், தலைப்பட்டியில் பூட்டலாம், பசைத்துண்டால் ஒட்டலாம். ஆனால் இடையிலுள்ள தோல் உயர் சுருதி ஒலிகளைக் கொஞ்சம் விழுங்கிவிடும். பட்டி இறுகினால் வலிக்கும். ஒட்டோ, சித்திரை வெயில் வேர்வையில் கழன்றுவிடும்.

ஆகவே அமைதியான அறையில் நடக்கும் கேட்டல் சோதனையில் 'பீப்' கேட்டதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இரண்டு வாரம் இரவல் கேளுங்கள். மின்விசிறி சுழலும் வகுப்பறையிலும் திருநெல்வேலிச் சந்தை இரைச்சலிலும் பிள்ளைக்கு எத்தனை சொல் பிடிபடுகிறது, நாளுக்கு எத்தனை மணிநேரம் தானாகப் போட்டுக்கொள்கிறது என்று எழுதிவையுங்கள். சீழை எந்தக் கருவியும் ஆற்றாது. அதற்குக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குத்தான் போகவேண்டும்.