நெஞ்சில் கோத்த நீர்



நம் மருத்துவப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது. “அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம். முதுகில் ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஒருதரம் எடுத்துவிட்டால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆள் தேறமாட்டார் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கையெழுத்துப் போடலாமா?” பயந்துபோய் நோயாளியை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டவர்களும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. மூச்சு விடும்போது அவை உரசாமல் வழுக்கிச் செல்ல, இடையில் இரண்டு மூன்று தேக்கரண்டி நீர் எல்லோருக்கும் உண்டு. காசநோய், நிமோனியா, இதயப் பலவீனம், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என ஏதோ ஒன்று வந்தால், அந்த நீர் லிட்டர் கணக்கில் பெருகி நுரையீரலை நெருக்கிவிடும். நீர் திரும்பச் சேர்கிறதென்றால் அந்த நோய் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். பழியை ஊசி சுமக்கிறது, அவ்வளவுதான். இதயப் பலவீனத்தால் சேர்ந்த நீர் பல சமயம் மாத்திரையிலேயே வடிந்துவிடும். புற்றுநோயில் மறுபடி சேர்வது உண்மை. ஆனால் டால்க் தூளை உள்ளே செலுத்தி உறைகளை ஒட்டவைக்கவும், வீட்டிலேயே நீரை வடித்துக்கொள்ளும்படி மெல்லிய குழாய் பொருத்தவும் இன்று வழி இருக்கிறது.

சிகிச்சை எப்படி நடக்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு, அதன்மேல் கைகளை ஊன்றிக் குனியச் சொல்வார்கள். ஸ்கேன் வைத்து நீர் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஸ்கேன் இல்லாத 1761-இல், அவுயன்ப்ரூக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் மார்பை விரலால் தட்டியே இதைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற அதே காது! இன்றும் டாக்டர் முதலில் உங்கள் முதுகைத் தட்டித்தான் பார்ப்பார். பிறகு தோலை மரக்கவைக்கும் ஊசி. எரிச்சல் பெரும்பாலும் அதோடு சரி. விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால், நீர் எடுக்கும் ஊசியை மேல் விளிம்பை ஒட்டியே இறக்குவார்கள். அந்த நேரத்தில் அசையாமலும் இருமாமலும் இருப்பதுதான் நோயாளியின் வேலை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு மனக்குறையும் கடிதங்களில் வருகிறது: “பாதிதான் எடுத்தார்கள், மீதியை விட்டுவிட்டார்கள்.” அது அலட்சியம் இல்லை. வழக்கமாக ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். நாள்கணக்கில் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறி, மூச்சுத்திணறல் வந்துவிடலாம். எடுக்கும்போது தொடர் இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள். அபூர்வமாக நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடுவதும் உண்டு. வீடு திரும்பிய பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

மூச்சு இலகுவானதும் எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம். எனக்கு இதுதான் பெரிய கவலை. எடுத்த நீர்தான் நோய் எது என்று காட்டிக்கொடுக்கும். அதில் உள்ள புரதத்தையும் எல்டிஹெச் நொதியையும் ரத்தத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, காரணம் எந்த வகை என்று பிரிக்கும் முறையை 1972-இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தார். இன்றும் அதுதான் அடிப்படை. நம் நாட்டில் இந்த நீருக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். ஆனால் நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி தென்படுவது அரிது. அதனால் ஏடிஏ என்ற இன்னொரு பரிசோதனையும் செய்வார்கள். ‘கிருமி இல்லை’ என்று ஒரு தாளில் வந்துவிட்டதற்காக மற்ற முடிவுகளை வாங்காமல் இருந்துவிடாதீர்கள். காசநோய்தான் என்று உறுதியானால், வழக்கமாக ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

அடுத்த இதழில் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத இசைந்திருக்கிறார். நோயாளியின் வயது, சாப்பிடும் மாத்திரைகள், நீர்ப் பரிசோதனை முடிவின் நகல் ஆகியவற்றோடு எழுதுங்கள். மூச்சுத்திணறல் இருக்கிறவர்கள் மட்டும் எங்கள் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்