அம்மாவின் குழுக்கடனும் மகளின் மேற்படிப்பும்

முதுநிலைப் படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிப் படியேறும் நம் பிள்ளைகளிடம், மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே தாய் தகப்பனின் பான் எண்ணைக் கேட்கிறார்கள். கணினியில் அதைத் தட்டியதும் 300-க்கும் 900-க்கும் இடையில் ஓர் எண் வருகிறது. அதுதான் சிபில் ஸ்கோர். குறைவாக இருந்தால், "உங்க அம்மாவுக்கு ஸ்கோர் இல்லம்மா, வேற பேங்க்ல பாருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மறுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுத் தாள்கூடக் கையில் கிடைப்பதில்லை.

அந்த எண் எங்கே கெட்டது? நம் தெருக்களில் பெண்கள் பெயரில் இருப்பது பெரும்பாலும் நுண்நிதி நிறுவனங்களின் குழுக்கடன். பத்துப் பேர் சேர்ந்து வாங்குவது, வாரத் தவணையாகக் கட்டுவது. மழை பிடித்துக் களையெடுப்பும் இல்லை, நூறு நாள் வேலைக் கூலியும் வரவில்லை என்றால் இரண்டு வாரம் தள்ளிப்போகும். பிறகு கட்டிவிடுவார்கள். ஆனால், தள்ளிப்போனது கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. வசூலுக்கு வருகிறவர், "மீதியை விட்டுடுறோம், இவ்வளவு கட்டி முடிச்சுக்குங்க" என்பார். உபகாரம் என்று நம்பிக் கட்டுவோம். பதிவில் அது 'குளோஸ்டு' என்று ஏறாது, 'செட்டில்டு' என்று ஏறும். முழுக் கடனையும் கட்டவில்லை என்பதே வங்கி மொழியில் அதற்குப் பொருள். அந்த ஒரு சொல் சில ஆண்டுகள் கழித்து மகளின் எம்.பி.ஏ. விண்ணப்பத்தின் மேல் வந்து உட்காருகிறது.

பிள்ளையின் சொந்தக் கணக்கிலும் இப்படி நேர்வதுண்டு. பி.இ. படிக்க வாங்கிய கடனுக்கு, படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அதற்குள் வேலை கிடைக்காத பட்டதாரி எம்.டெக். சேரப் போனால், பழைய பாக்கி முன்னால் வந்து நிற்கும்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கும்போது கடன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்தைத் தாண்டினால் அது கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடையாது. அடமானம் வைக்கலாமே என்றால், 1892-இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த கதை.

வாராக்கடன் பெருகுகிறது என்று வங்கிகள் சொல்வதை நாம் ஒதுக்கவில்லை. ஆனால், அதற்கென்றே ஒன்றிய அரசின் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது. பிணையில்லாமல் கொடுத்த ரூ.7.5 லட்சம் வரையிலான கல்விக் கடன் திரும்பி வராவிட்டால், பாக்கியில் 75 சதவீதத்தை அந்த நிதி ஈடுகட்டும். சுமையில் முக்கால் பங்கை அரசு தாங்கும்போது, களையெடுக்கும் தாயின் வாரத் தவணையில் வங்கி எதைத் தேடுகிறது?

கேரள உயர் நீதிமன்றம் 2020-லேயே இதைத் தெளிவாக்கியது. பெற்றோரின் ஸ்கோர் சரியில்லை என்பது கல்விக் கடனை மறுக்கக் காரணமாகாது, படித்து முடித்தபின் மாணவர் திருப்பிச் செலுத்தும் திறனையே பார்க்க வேண்டும் என்றது. 2023-இல், மாணவரின் சொந்த ஸ்கோர் குறைந்திருந்த வழக்கிலும் அதே நீதிமன்றம் மாணவர் பக்கமே நின்றது. அண்டை மாநிலத் தீர்ப்பு இங்குள்ள வங்கிகளைக் கட்டாயப்படுத்தாதுதான். ஆனால், கடன் திட்டம் இரு மாநிலத்துக்கும் ஒன்றே. முதல் முறை கடன் கேட்பவருக்குக் குறைந்தபட்ச ஸ்கோர் எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை என்று நிதித்துறை இணை அமைச்சர் 2025-இல் மக்களவையில் சொன்னதும் பதிவில் இருக்கிறது.

நம் மக்களுக்கென்றே ஒரு விதியும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது. அடுத்த மேல்நிலை அதிகாரிதான் நிராகரிக்கலாம், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. வாய்ச்சொல்லில் திருப்பி அனுப்பும்போது இந்த விதி தொடப்படாமலேயே போகிறது. விண்ணப்பமே வாங்கவில்லை என்றால் நிராகரிப்பும் இல்லைதானே! கல்விக் கடன் முகாம் நடத்திப் படம் பிடித்துக்கொள்ளும் மாவட்ட நிர்வாகமும் முன்னோடி வங்கியும், எத்தனை பட்டியல் சாதி மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டார்கள் என்ற கணக்கையும் வெளியிட வேண்டும். குழுக்கடன் பாக்கி கல்விக் கடனுக்குத் தடையாகாது என்று மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் ஆட்சியர் எழுத்தில் பதிவு செய்ய வைக்க வேண்டும்.

மாணவர்கள் சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அம்மாவுடையதை இப்போதே எடுத்துப் பாருங்கள். கட்டி முடித்த கடன் பாக்கியாகக் காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் கிளை மேலாளரின் முடிவாக மட்டும் இருந்தால், விதிமீறல் என்று மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். 30 நாள் வரை பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.