மாசி வத்தலுக்கு முன்னே

கமுதி வட்டாரத்து மிளகாய் விவசாயத் தோழர்களே, களத்தில் காம்பு கிள்ளும் அக்கா தங்கச்சிகளே,

செடி பூத்துவிட்டது. பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில் முதல் பழம் எடுக்கத் தொடங்கிவிடுவோம். அதற்குள் கமிஷன் கடை ஆள் நம் வாசலுக்கு வந்து போயிருப்பார். "உரத்துக்கு வேணுமா, புள்ள சடங்குக்கு வேணுமா" என்று விசாரித்து முன்பணம் கொடுத்திருப்பார். வாங்கியவர் வத்தலை அந்தக் கடையில்தான் இறக்கியாக வேண்டும். என்ன விலை என்று கேட்கிற உரிமை, பணத்தை எண்ணி மடியில் கட்டும்போதே போய்விடுகிறது. மாசியில் பேசி ஒரு பயனும் இல்லை. பேச வேண்டியதை இந்த மார்கழியிலேயே பேசியாக வேண்டும்.

கேட்பது இதுதான்: இந்த வருசத்து வத்தலில் ஒரு பங்கையாவது ஒரே களத்தில் காயப்போட்டு, ஒன்றாகத் தரம் பிரித்து, நம் தராசில் எடைபோட்டு, ஒரே பெயரில் விற்போம். அதற்கான உற்பத்தியாளர் கம்பெனியை நாமே தொடங்குவோம்.

யாராவது வந்து இந்த ஊரைத் தூக்கிவிடுவார்கள் என்று காத்திருந்தது போதும். நமக்கு ஊருக்குள் இருக்கிற பெயரைவிட வெளியில் இருக்கிற பெயர்தான் பெரிது. எங்கோ ஓர் அதிகாரி கோபப்பட்டால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்கிறாரே, அந்தக் காடு நாம்தான். 2018-ல் டெல்லி போட்ட முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் பட்டியலில் ராமநாதபுரமும் இருந்தது. அதற்கு இரண்டு வருசம் முந்தி, 2016-ல், உலகமே திரும்பிப் பார்த்த சூரிய மின் நிலையம் நம் பக்கத்திலேயே வந்தது. 648 மெகாவாட், ஏறத்தாழ 2,500 ஏக்கர், எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பலகையில் படிகிற தூசியைத் துடைக்கக்கூட எந்திரம் வைத்திருக்கிறார்கள் தோழர்களே! கட்டி முடித்த பிறகு நம் பிள்ளைகளுக்கு அங்கே எத்தனை வேலை இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலை விற்பவர்கள் விற்கட்டும். அதே வெயிலில் நாம் காயவைக்கிற வத்தலை விற்பது யார் என்பதுதான் நம் கேள்வி.

கடை வாசலில் நடப்பதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மூட்டை இறங்குகிறது. ஓர் ஆள் சாக்கைப் பிரித்து உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளுகிறார். அது மாதிரியாம். அள்ளியது மூட்டைக்குத் திரும்புவதில்லை. நல்ல முண்டு வத்தலைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். பதமாகக் காய்ந்ததா இல்லையா என்பதை அந்தச் சத்தமே சொல்லும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். அவர் குலுக்கிப் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் புரட்டி, "ஈரம் இருக்கு, சோடையும் கிடக்கு" என்கிறார். பிறகு தராசு. சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, தரகு, இறக்குக் கூலி, மகமை. கடைசியில் கையில் வருவது ஒரு துண்டுச்சீட்டு. அதில் முன்பணத்தையும் கழித்த பிறகு என்ன மிஞ்சும்? வெயிலில் குனிந்து பழம் பறித்த பொம்பளையின் கூலி போக மிஞ்சியதை, அடுத்த புரட்டாசி விதைப்பு வரை வைத்துப் பிழைக்க வேண்டும்.

அந்த ஆளைத் திட்டிப் பிரயோசனமில்லை. கடை என்றால் அப்படித்தான் இருக்கும். நம்மிடம் ஒரு களமும் ஒரு தராசும் ஒரு கிட்டங்கியும் இல்லாததுதான் அவருடைய பலம்.

இங்கே நாமும் கொஞ்சம் நேர்மையாகப் பேசிக்கொள்வோம். "ஈரம்" என்று அவர் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதி மெய். தார் ரோட்டிலும் வெறும் மண்ணிலும் காயப்போடுகிறோம். ராத்திரிப் பனியில் நனைந்ததைக் காலையில் கிளறிவிடுகிறோம். அப்படி மீண்டும் மீண்டும் நனைந்து காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் பிடிக்கும். அது விடுகிற நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். மிளகாயில் நூறு கோடியில் 10 பங்குக்கு மேல் அது இருந்தால் ஐரோப்பாவில் சரக்கை உள்ளே விடமாட்டார்கள். ஏற்றுமதிக்காரர் நம்மிடம் நேரே வரத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்குப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். சிமெண்டுக் களம் வேண்டும், தார்ப்பாய் வேண்டும், சாயங்காலம் அள்ளி மூடிவைக்க ஆள் வேண்டும். தனித்தனியாக நம்மில் ஒருவராலும் சிமெண்டுக் களம் போட முடியாது. முந்நூறு பேர் சேர்ந்தால் போடலாம்.

2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இனிப்பு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அதன் பிறகு உங்கள் மூட்டைக்கு அந்தக் குறியீட்டால் ஒரு ரூபாய் கூடியதா? கூடியிருக்காது. முண்டு உருண்டையாக, தடித்த தோலோடு, கருஞ்சிவப்பாக மினுங்குகிற வரைக்கும்தான் அது முண்டு. ஆலைக்குள் போய்ப் பொடியாகிவிட்டால் எது கமுதி, எது குண்டூர் என்று யார் கண்டது? இன்ன ஊர்க் களத்தில் காய்ந்தது என்று சொல்லி, நாமே தரம் பிரித்துக் கட்டி, நம் பெயர் ஒட்டி அனுப்பினால்தான் அந்தக் குறியீடு காசாகும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று டீக்கடையில் கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. குஜராத்தில் கேடா மாவட்டத்துப் பால்காரர்களின் நிலைமை ஒரு காலத்தில் நம்மைவிட மோசமாக இருந்தது. பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை ஒரே ஒரு தனியார் கையில் இருந்தது. அவர் வைத்ததுதான் விலை. 1946 ஜனவரியில் சமர்க்கா என்ற கிராமத்தில் கூடிப் பேசி, திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் அவருக்குப் பால் ஊற்றுவதையே நிறுத்தினார்கள். பதினைந்து நாள்! பால் என்றால் சில மணி நேரத்தில் கெட்டுப்போகிற பொருள். தரையில் கொட்டினார்களே தவிர இறங்கிவரவில்லை. அந்த வருசம் டிசம்பரில் சங்கம் பதிவானது. இரண்டே கிராமச் சங்கங்கள், நாளுக்கு 247 லிட்டர், அவ்வளவில்தான் ஆரம்பம். பால்வளத்துக்குப் பெயர் போன குரியன் அங்கே வந்து சேர்ந்தது 1949-ல்தான். பெரிய படிப்பாளி வந்து வழிகாட்டுவார் என்று அந்த ஜனங்கள் காத்திருக்கவில்லை. அந்தச் சங்கத்தைத்தான் இன்றைக்கு அமுல் என்று நாடே சொல்கிறது. நம்முடைய சரக்கோ ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. நன்றாகக் காய்ந்த வத்தல் மாதக்கணக்கில் நிற்கும். எட்டிவயலில் மிளகாய்க்கென்றே குளிர்பதனக் கிட்டங்கி இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையை வைத்து, மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் வாங்கி, ஆறு மாதம் வரை விலைக்காகப் பொறுத்திருக்கலாம். முன்பணத்துக்கு மாற்று இதுதான். நம்மில் எத்தனை பேர் அந்தப் படி ஏறியிருக்கிறோம்? ஒற்றை ஆளாக நாலு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வண்டி வாடகை கட்டாது என்பதுதானே காரணம்? லாரியாகச் சேர்த்தால் கட்டும்.

சட்டம் சுலபம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் கம்பெனி பதியலாம், குறைந்தது ஐந்து இயக்குநர்கள் வேண்டும். ஐம்பது ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் ஒரே ஓட்டு. 2020-ல் அறிவித்த பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், நாம் போடுகிற பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை தருவதாகச் சொன்னார்கள். மானியம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம், அதை நம்பி இறங்க வேண்டாம். மானியத்துக்காகவே பதிவாகி, பலகை மாட்டி, ஆடிட்டருக்குக் கட்டணம் கட்ட முடியாமல் படுத்துவிட்ட கம்பெனிகள் எத்தனையோ. பங்குப் பணம் சொந்தப் பையிலிருந்து போயிருந்தால் வருசக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்போம். அடுத்தவன் பணம் என்றால் கேட்க மாட்டோம்.

இன்னொன்று. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பெயர் பேப்பரில் வருவது பெரும்பாலும் போலீஸ் பந்தோபஸ்துச் செய்தியில்தான். ஒவ்வொரு தெருவும் தனித்தனிச் சங்கம் வைத்திருக்கிறது. இந்தக் கம்பெனியும் ஒரு தெருவின் கம்பெனியாக ஆனால் அது பிறக்காமலே இருக்கட்டும். கேடாவில் பால் ஊற்ற எல்லாச் சாதியும் ஒரே வரிசையில் நின்றது. நம் தராசுக்கு முன்னாலும் ஒரே வரிசைதான். பட்டா இல்லாத குத்தகைக்காரர் உறுப்பினர். காம்பு கிள்ளுகிற பெண்ணும் உறுப்பினர். விளைபொருளோடு தொடர்புள்ள எந்த வேலை செய்பவரையும் சட்டம் உற்பத்தியாளர் என்றே ஏற்கிறது. இயக்குநர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மகளிர் குழுவில் வாராவாரம் நோட்டு எழுதி, ஒரு ரூபாய் குறைந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். நம்மில் பலருக்குச் சொந்தக் கடன் எவ்வளவு என்றே தெரியாது!

நட்டம் வராதா? வரலாம். குண்டூரில் அமோகமாக விளைந்தால் நமக்கு விலை விழும், அதைக் கம்பெனி தடுக்க முடியாது. முதல் வருசம் எல்லா மூட்டையையும் கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு இரண்டு மூட்டை போதும். மீதியை வழக்கம்போலக் கடைக்கே போடுங்கள். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த வருசம் நான் கத்த வேண்டியிருக்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சந்தைத் திடலுக்கு வாருங்கள். ஆதார் நகல், பங்குக்கு ஆயிரம் ரூபாய். மொத்தமாக முடியாதவர்கள் நூறு ரூபாய் கொண்டுவந்து பெயரைப் பதியுங்கள், மீதியை மாசிக்குள் கட்டலாம். குத்தகைக்காரர்கள் பட்டா இல்லாமலே வரலாம், எந்த நிலத்தில் பயிர் வைத்திருக்கிறீர்கள் என்பதை அங்கேயே எழுதிக்கொள்வோம். ஆம்பளைகள் மட்டும் வராதீர்கள், வீட்டில் காம்பு கிள்ளுகிறவர்களையும் கூட்டி வாருங்கள். கமிஷன் கடை ஆள் அதற்கு முன்னே வந்தால், "ஞாயித்துக்கிழமை கழிச்சு சொல்றேன் அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.